நாலு மணிச் சங்குக்குச் சுதி சேர்த்தவர்கள்

விஜயபாண்டியின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் ரசம் அலையடிக்கும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அது ஆடியது. மாப்பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சியோ என்று பெண் வீட்டார் தனியே விசாரித்தார்கள். ராஜபாளையத்துப் பஞ்சாலையில் எலக்ட்ரீசியன், சொந்த ஊர் மம்சாபுரம், குடிப் பழக்கம் கிடையாது என்று மற்றதெல்லாம் பொருந்தி வந்ததால் காலை மட்டும் மன்னித்து வெங்கடேஸ்வரியைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு கட்டில் மாற்றியாகிவிட்டது.

அது நரம்புத் தளர்ச்சி இல்லை, ராக் இசை.

ராஜபாளையத்தில் ராக் இசை இருந்தது என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். நாய் தெரியும், நூல் தெரியும், மாம்பழம் தெரியும், இது எப்போது என்பார்கள். இருந்தது. இரண்டாயிரத்து நாலிலிருந்து எட்டு வரை ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குமாகச் சேர்த்து நான்கு இசைக்குழுக்கள் இருந்தன. ரசிகர்கள் மொத்தம் எண்பது பேர். அதில் இருபது பேர் குழுவில் இருந்தவர்கள், முப்பது பேர் அவர்களுடைய தம்பிமார்கள். டிரம் செட் ஒன்றே ஒன்று. அது தேவாலயத்துக்குச் சொந்தம். ஞாயிறு காலை ஆராதனைக்கு அது திரும்பிப் போயாக வேண்டும் என்பதால் இந்த இரண்டு ஊர்களின் ராக் இசையும் சனிக்கிழமை சாயந்திரமே மனந்திரும்பிவிடும்.

கிளப்புகளும் இருந்தன. மங்கிய விளக்கையும் புகைமூட்டத்தையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ராஜபாளையத்துக் கிளப் என்பது பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கான மனமகிழ் மன்றம். தகரக் கூரை போட்ட கூடம், இரண்டு கேரம் போர்டு, வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று. செயலாளருக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், சந்தோஷம் வந்தாலும் தெலுங்கில்தான், ஆகவே வாசிப்பு பிடித்ததா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளப் இன்னும் கௌரவமானது. கீழே கூடம், மாடியில் சீட்டாட்டம். டிரம்மில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் செத்த நேரத்தில் மாடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு இறங்கி வரும். 'தயவுசெய்து மெதுவாக வாசிக்கவும், ரம்மி நடக்கிறது.'

விஜயபாண்டியின் குழுவுக்கு 'ஸ்பிண்டில்ஸ்' என்று பெயர். நூல் சுற்றும் கதிரின் பெயர் அது. எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கதிரில் சோறு சாப்பிட்டவர்கள் என்பதால் வைத்தார்கள். எதிரிக் குழு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுடையது. மலையில் இருக்கும் சாம்பல் அணிலை நினைத்து 'கிரே ஸ்குரல்' என்று வைத்திருந்தார்கள். மற்ற இரண்டு குழுக்களும் மாதம் ஒரு சண்டை போட்டு மாதம் ஒரு பெயர் மாற்றியதால் அவற்றை விட்டுவிடலாம்.

ஸ்பிண்டில்ஸில் விஜயபாண்டிதான் லீட் கிட்டார். மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கிய கிட்டாரில் ஒலி வாங்கும் கம்பிச் சுருள் எரிந்து போயிருந்தது. ஐடிஐயில் மோட்டார் வைண்டிங் படித்தவனுக்கு அது ஒரு பொருட்டா? மெல்லிய செம்புக் கம்பி வாங்கி, கையாலேயே ஐயாயிரம் சுற்று சுற்றி மாட்டினான். கிட்டார் உயிர் பெற்றது. கூடவே பக்கத்து மோட்டார் எது ஓடினாலும் அதன் இரைச்சலையும் அது பிடித்துக் கொடுத்தது. ராக் இசைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. பெலிக்ஸ் டிரம்ஸ். அவன் தங்கை பியூலா பாடுவாள். அண்ணன் தங்கை இருவருக்கும் தேவாலயப் பாடகர் குழுவில் கிடைத்த பயிற்சி. பேஸ் கிட்டார் முத்துவீரன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுச் சேர்ந்தவன்.

இவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இந்தக் கதையே அந்த வழக்கத்தில்தான் தொங்குகிறது.

கிட்டாருக்குச் சுதி சேர்க்க ஏதாவது ஒரு நிலையான ஒலி வேண்டும். அதற்கென்று ஒரு கருவி கடையில் கிடைக்கும் என்பதே அன்றைக்கு இவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மில் சங்கு. ஷிப்ட் மாறுகிறது என்று ஊருக்குச் சொல்லும் அந்த மின்சாரச் சங்கு தினமும் நாலு மணிக்கு, மெல்ல எழும்பி, உச்சிக்குப் போய், அங்கே ஆடாமல் அசையாமல் முக்கால் நிமிடம் நிற்கும். இதைவிட நிலையான ஒலி எது? ஆகவே நாலு மணிக்குக் கிளப்பில் எல்லோரும் கிட்டாரை மடியில் வைத்து, முறுக்காணியில் விரலை வைத்து, தேர்வு மணிக்குக் காத்திருக்கும் மாணவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். சங்கு உச்சிக்கு வந்ததும் ஐந்தாவது கம்பியை அதோடு சேர்ப்பார்கள். மற்ற கம்பிகளை அதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள். நாலு மணிச் சங்கைத் தவறவிட்டால் அன்றைக்கு ராக் கிடையாது, கேரம்தான். பியூலாவின் குரலும் அந்தச் சங்கிலேயே ஊறிவிட்டது. சங்கு ஊதும்போது சுற்றுவட்டாரத்து நாய்களெல்லாம் அண்ணாந்து ஊளையிடும். அவையும் அதே சுதிதான்.

இரண்டாயிரத்து ஏழில் ஞானதுரை வந்து சேர்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன், ஒல்லி, அதிகம் பேசமாட்டான். சித்தப்பா வாங்கிக் கொடுத்த கீபோர்டு ஒன்று வைத்திருந்தான். எதிரி ஊர்க்காரன் நம்மிடம் வருகிறான் என்பதே பெரிய கௌரவமாக இருந்ததால் உடனே சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்தே ஏதோ இடித்தது. பாலில் எலுமிச்சை விழுந்த மாதிரி அவன் கை வைத்த இடமெல்லாம் திரிந்தது. ஒரு கட்டை மேலே வாசிக்கச் சொன்னார்கள், சேரவில்லை. ஒரு கட்டை கீழே வாசிக்கச் சொன்னார்கள், இன்னும் மோசம். கை பழகவில்லை என்றார்கள். அவனும் தன் கைதான் என்று நம்பி, வீட்டில் விடிய விடியப் பழகினான். அப்புறம், பொட்டியே பழுது என்று முடிவு செய்தார்கள். நான்கு பேருக்கும் ஒன்றாக ஒலிப்பது ஒருவனிடம் மட்டும் இடித்தால் பழுது யாரிடம்? கணக்கு சுலபமாகத்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளப்பில் ஒரு சனிக்கிழமை. நாலு மணிச் சங்குக்குச் சுதி சேர்த்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார்கள். முன்வரிசை முழுக்க கிரே ஸ்குரல் ஆட்கள். ஸ்பிண்டில்ஸ் சொந்தமாக எழுதிய ஒரே பாட்டு, 'மூணாவது ஷிப்ட்', அன்றுதான் அரங்கேற்றம். 'மூணாவது ஷிப்டு முடியலையே, முழிச்ச கண்ணு மூடலையே' என்று தொடங்கும். தொடக்கமே கீபோர்டுதான். ஞானதுரை நான்கு கட்டைகளை அழுத்தினான், கிட்டார் சேர்ந்தது, முன்வரிசையில் ஒருவன் பல்வலிக்காரன்போல முகத்தைச் சுளித்துக் காட்டினான். வரிசை முழுக்கச் சிரித்தது. விஜயபாண்டி வாசிப்பதை நிறுத்தினான். திரும்பிக்கூடப் பார்க்காமல், மைக்கிலேயே சொன்னான்.

"ஞானம், ஒன் பொட்டி சேரல. தூக்கிட்டுக் கெளம்பு."

ஞானதுரை ஒயரைக் கழற்றி, முழங்கையில் அளந்து சுற்றி, கீபோர்டைப் போர்வையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, எண்பது பேருக்கு நடுவில் நடந்து வெளியே போனான். பாட்டு அவன் இல்லாமல் நடந்தது. நன்றாகவே இருந்தது. தன்மேல் தப்பில்லை என்பதற்கு அதுதான் இத்தனை வருடமாக விஜயபாண்டிக்குச் சாட்சி.

அடுத்த வருடம் முத்துவீரனை ராணுவம் எடுத்துக்கொண்டது. பியூலாவை நர்சிங் படிப்பு எடுத்துக்கொண்டது. தேவாலயம் டிரம் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விஜயபாண்டிக்கு ஆடும் கால் மிஞ்சியது.

போன மாதம் பெலிக்ஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பெலிக்ஸ் இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கிறான், கையில் இரண்டு மோதிரம். மன்றக் கூடத்தை இடித்துக் குடோன் கட்டப் போகிறார்கள், திங்கள்கிழமை ஜேசிபி வருகிறது, அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் நமக்குத் தருகிறார்கள், முத்துவீரன் ஓய்வு பெற்று வந்துவிட்டான், பியூலாவுக்கு ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தான். விஜயபாண்டி அந்தச் செய்தியை மோட்டார் ரிப்பேருக்கு நடுவில் பதினோரு தடவை கேட்டான். அன்றிரவு கட்டில் வெங்கடேஸ்வரியோடு சேர்ந்து நகர்ந்தது.

'மூணாவது ஷிப்ட்' ஒரு தடவை, அந்தக் கூரைக்குக் கீழே, அது இருந்தபடியே ஒலிக்க வேண்டும். கூடம் இடிந்த பிறகு நாங்களும் ஒரு காலத்தில் வாசித்தோம் என்று சொல்ல எதுவும் இருக்காது. விஜயபாண்டிக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

ஒத்திகை பெலிக்ஸின் குடோனில். நான்கு பக்கமும் பேண்டேஜ் துணிச் சுருள்கள் அடுக்கியிருந்ததால் வாசித்ததெல்லாம் கட்டுப் போட்ட மாதிரி ஒலித்தது. இப்போது சுதி சேர்க்க ஃபோனிலேயே ஆப் வந்துவிட்டது. கம்பியைத் தட்டினால் திரையில் ஒரு முள் ஆடி, சரியான இடத்தில் பச்சை காட்டும். எல்லாக் கம்பிக்கும் பச்சை காட்டி முடித்துப் பாட்டைத் தொடங்கினார்கள். பாட்டு அவர்களுடையதாக இல்லை. வேறு யாரோ நல்லவர்கள் பாடியது மாதிரி இருந்தது. உச்சிக்கு வரும்போது பியூலாவின் குரல் தடுக்கி விழுந்தது.

"அண்ணே, பாட்டு ஒசந்து போச்சு," என்றாள்.

"பாட்டு அங்ஙனதான் இருக்கு. நமக்கு வயசு ஒசந்து போச்சு," என்றான் பெலிக்ஸ்.

பெலிக்ஸிடம் அந்தக் காலத்து நோக்கியா ஃபோனில் பதிந்த 'மூணாவது ஷிப்ட்' இருந்தது. அதை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். விஜயபாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. பாலில் எலுமிச்சை. இந்த இடியை அவன் எங்கோ கேட்டிருக்கிறான். பழைய ஃபோன், மெதுவாக ஓடியிருக்கும் என்றான் முத்துவீரன். பதினைந்து வருடம் எல்லையில் காவல் நின்றவனுக்கு எதையும் அமைதியாகச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. விஜயபாண்டிக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது காதில் கையை வைத்துக்கொண்டான். கரண்டியைத் தட்டிப் பார்த்தான், குக்கர் விசிலுக்கு ஆப்பைப் பிடித்தான்.

"என்னங்க, காது வலியா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"காது சரியாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு," என்றான்.

மில்லில் சங்கு ஊதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது விரல் ரேகை வைத்தால் வருகைப் பதிவு. சங்கு எலக்ட்ரிக்கல் ஸ்டோரில் சாக்குப் போர்வைக்குள் கிடக்கிறது. ஸ்டோர் சாவி விஜயபாண்டியிடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு அவன் அதைப் பட்டறைக்குத் தூக்கி வந்து, தூசி தட்டி, இணைப்புக் கொடுத்து, ஃபோனில் ஆப்பைத் திறந்து எதிரில் வைத்து, சுவிட்சைப் போட்டான்.

சங்கு பழைய மாதிரியே மெல்ல எழும்பி உச்சிக்குப் போய் நின்றது. முள்ளும் எழும்பியது. ஒரு சுரத்தைத் தாண்டியது, அடுத்த சுரத்துக்குப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில், வயல் வரப்பில் நிற்பவன்போல நின்றது. பச்சை காட்டவே இல்லை. விஜயபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அவன் எலக்ட்ரீசியன். சங்கு என்பது ஒரு மோட்டாரும் ஓட்டை போட்ட ஒரு சக்கரமும் மட்டும்தான், அது சுற்றுகிற வேகத்துக்குக் கத்தும், எந்தக் கம்பெனிக்காரனும் அதைச் சங்கீதம் பார்த்துச் செய்யவில்லை என்பது அவனுக்கு ஐடிஐ முதல் வருடத்திலேயே தெரியும். அவனுக்குள் இருந்த எலக்ட்ரீசியனும் கிட்டார்காரனும் இருபது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

கிட்டார் கம்பியை முறுக்கி வரப்பில் கொண்டுபோய் நிறுத்தலாம். தொண்டையையும் நிறுத்தலாம். கீபோர்டுக்கு வரப்பில் கட்டை கிடையாது. ஒன்று இந்த வயல், இல்லை அந்த வயல்.

அப்படியானால் அன்றைக்கு அந்த மேடையில் சுதியோடு இருந்தது ஒரே ஒருவன். அவனைத்தான் மைக்கில் சொல்லி அனுப்பினான்.

இதை யோசித்துக்கொண்டு நின்றதில் சுவிட்சை அணைக்க மறந்துபோனான். சங்கு நாலு நிமிடம் ஊதியது. முதல் ஷிப்ட் ஆட்கள் பாதிப் பேர் சோற்றுவாளியோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். தெருவில் ஒரு பாட்டி இரண்டாம் ஷிப்ட் மகனை அடித்து எழுப்பி அனுப்பிவிட்டாள். தீ விபத்து என்று எண்ணி ஓர் அதிகாரி முக்கியமான கோப்புகளையும் முக்கியமில்லாத ஒரு சுழல் நாற்காலியையும் வெளியே கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை மெமோ வந்தது. மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விஜயபாண்டி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான். விளக்கம் முதலில் வேறொருவருக்குத் தர வேண்டியிருந்தது.

ஞானதுரை கோர்ட்டில் தட்டச்சர் என்று பெலிக்ஸ் சொல்லியிருந்தான். கோர்ட்டு வளாகத்தில் கறுப்பு அங்கிகளுக்கும் கட்டுக்கட்டான காகிதங்களுக்கும் நடுவில் விஜயபாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு ஆடத் தொடங்கியது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் வந்து, என்ன கேஸ், பாகப் பிரிவினையா என்று கனிவோடு விசாரித்தார்.

"கேஸு இல்லண்ணே. ஒருத்தருக்குத் தப்பு பண்ணிட்டேன். அதச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

குமாஸ்தாவின் முகம் வெளிறியது. "இந்தா பாருங்க, எதையும் ஒத்துக்கிடாதீய. மொதல்ல ஒரு வக்கீலப் பாருங்க," என்று சொல்லி, அப்படியொரு மனிதரோடு தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல நகர்ந்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஞானதுரை வெளியே வந்தான். ஒல்லி போகவில்லை, முடி போயிருந்தது. வளாகத்துக்கு வெளியே டீக்கடைப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். எலுமிச்சைச் சாதம். விஜயபாண்டி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சங்கிலிருந்து ஆரம்பித்து, ஆப், முள், வரப்பு எல்லாவற்றையும் ஒரு பொறியாளர் அறிக்கைபோல ஒப்பித்தான். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எந்த இடத்திலும் பொருந்தி வரவில்லை. ஞானதுரை ஒரு கவளத்தை மென்று விழுங்கும்வரை காத்திருந்து சொன்னான்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ போகச் சொன்ன மூணாம் நாளே. கோயில்ல இருந்த ஆர்மோனியத்தோட சேத்து வாசிச்சேன். சொன்னா நம்ப மாட்ட, அப்படியே ஒட்டிக்கிடுச்சு. பொறவு நாலு மணிக்கு பஸ் ஏறி வந்து, ஒங்க மில்லு காம்பவுண்டு வெளிய நின்னு சங்கக் கேட்டேன். புரிஞ்சு போச்சு."

"வெளிய நின்னியா? உள்ள வந்து சொல்லியிருக்கலாம்லலே?"

"என்னன்னு சொல்ல? அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோலத் தப்பா இருந்திய. நான் ஒருத்தன் சரியா இருந்தேன். அப்ப எவன் அபசுரம்? நான்தான்." டிபன் பாக்ஸின் மூலையில் கிடந்த கடலையைத் தேடி எடுத்தான். "இப்பம் கோர்ட்டுலயும் நாலு சாட்சி ஒண்ணுபோலச் சொன்னா அதுதான் தீர்ப்பு. தெனமும் அதத்தான் டைப் அடிக்கேன்."

விஜயபாண்டியின் கால் ஓட்டமாக ஆடியது. கல் அசைந்தது. டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஞானதுரை அந்தக் காலைப் பார்த்தான்.

"இது இன்னும் நிக்கலையா?"

"இல்ல," என்றான் விஜயபாண்டி. "ஞாயித்துக்கெழம வாலே. மத்தியானம் மூணு மணி. மூணாவது ஷிப்டு ஆரம்பம் ஒன்னுது. ஒனக்காவ வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற வேலை இருக்கிறது என்றான் ஞானதுரை. பொட்டி பரண் மேல் கிடக்கிறது, எலி கடித்திருக்கும் என்றான். பார்ப்போம் என்றான். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கோர்ட்டில் பல வருடம் இருந்தவனின் வாயிலிருந்து தேதி வாங்குவது சுலபமில்லை.

அன்று சாயந்திரமே விஜயபாண்டி குடோனில் ஒரு முடிவை அறிவித்தான். சங்குச் சுதி வேண்டாம். எல்லோரும் ஆப் காட்டும் பச்சையிலேயே வாசிக்க வேண்டும். ஞானதுரை வந்தால் அவன் கீபோர்டு எந்த இடியும் இல்லாமல் வந்து உட்கார வேண்டும். பழைய மாதிரி ஒலிக்காதே என்று முத்துவீரன் கேட்டான். ஒலிக்காது என்றான் விஜயபாண்டி. தனக்கு எது வேண்டும் என்று மூன்று வாரமாகக் காலை ஆட்டினானோ அதையே விட்டுக்கொடுக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பியூலா தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"சரிண்ணே. ஒரு நாளைக்குத்தான, கிழிச்சுக்கிடுதேன். திங்கக்கெழம நைட் டூட்டி, பேசற வேல இல்ல."

ஞாயிறு மூன்று மணிக்கு மன்றக் கூடம் நிறைந்துவிட்டது. அந்த எண்பது பேரில் அறுபது பேர் வந்திருந்தார்கள். வயிறுகள் முன்னால் வந்தன. முன்வரிசையில் கிரே ஸ்குரல் ஆட்கள் அதே வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். பல்வலிக்காரனுக்கு இப்போது நிஜமாகவே கட்டுப்பல். கேரம் போர்டுகளைக் காணோம், டேபிள் டென்னிஸ் மேஜைக்குக் கடைசிவரை வலை வரவில்லை. சுவரில் இடிக்க வேண்டிய இடங்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார்கள்.

முதல் பாட்டு முடிந்தது, ஞானதுரை வரவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்தது. விஜயபாண்டி வாசல் பக்கமே திரும்பி நின்று வாசித்ததில் பக்கவாட்டுத் தரிசனம் மட்டுமே ரசிகர்களுக்குக் கிடைத்தது. ஒரு கம்பி அறுந்து மாற்றினான். தண்ணீர் குடித்தான். மூன்றாவதாக 'மூணாவது ஷிப்ட்'. அதைத் தள்ளிப்போட்டு வேறொரு பாட்டை எடுத்தான். அதையும் முடித்தான். மணி நாலாகப் போனது. நாலு மணி ஆனதும், சங்கு இல்லாத ஊரில், மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்களும் ஒரு கணம் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. போர்வையில் பொதிந்த நீளப் பொட்டி ஒன்று முன்னால் வந்தது, பின்னால் ஞானதுரை.

எண்பது பேருக்கு நடுவில் போனவன் அறுபது பேருக்கு நடுவில் திரும்பி நடந்து வந்தான். டேபிள் டென்னிஸ் மேஜையில் பொட்டியை வைத்து, போர்வையை நாலாக மடித்து, ஒயரைச் செருகி, குனிந்து எதையோ பார்த்துப் பார்த்து மேலே இருந்த பொத்தான்களை அழுத்தினான். விஜயபாண்டி தலையை ஆட்டினான். ஞானதுரை நான்கு கட்டைகளை அழுத்தினான். கிட்டார் சேர்ந்தது.

பாலில் எலுமிச்சை.

முன்வரிசையில் கட்டுப்பல்காரன் கன்னத்தில் கை வைத்தான். வரிசை முழுக்கச் சிரித்தது, ஒரு ஆள் குறையாமல். பெலிக்ஸின் குச்சி அந்தரத்தில் நின்றது. விஜயபாண்டிக்குக் காது அடைத்தது. ஆப் பொய் சொல்கிறதா, கம்பி இறங்கிவிட்டதா, எலி கடித்துவிட்டதா? ஞானதுரையைத் திரும்பிப் பார்த்தான். முன்பு பார்க்காமல் விட்ட முகம். அந்த முகமும் இவனைப் போலவே குழம்பியிருந்தது.

"எதுல சுதி வச்சிருக்க?" என்று கேட்டான் ஞானதுரை, மெல்ல.

"சரியானதுலதாம்லே. ஒனக்காவ. நீ?"

ஞானதுரை கீபோர்டைத் தூக்கி அதன் முதுகைக் காட்டினான். மார்க்கர் பேனாவில், பழுப்பேறிய எழுத்தில், 'மைனஸ் 38' என்று எழுதியிருந்தது. பொட்டிக்குள்ளேயே சுதியைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் ஒரு வழி இருப்பதை, அவன் மில் காம்பவுண்டுக்கு வெளியே நின்ற அந்த வாரமே கண்டுபிடித்திருந்தான். பேட்டரி போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு மணிச் சங்குக்குப் பொத்தானை அழுத்தி அழுத்தி இறக்கி, முப்பத்தெட்டில் சேர்ந்ததும் மறந்துவிடாமல் முதுகில் எழுதி வைத்தான். உள்ளே வந்து காட்டத்தான் அன்று பொட்டியோடு வந்தான். கூடத்துக்குள்ளிருந்து அவர்கள் நால்வரும் அவன் இல்லாமல் வாசிப்பது கேட்டது. நன்றாக இருந்தது. திரும்பிப் போய்விட்டான்.

"ஒங்களுக்காவ எறக்கிட்டு வந்தேன்," என்றான்.

சிரிப்பு அடங்கிவிட்டது. கூடம் முழுக்க என்ன நடக்கிறது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது. விஜயபாண்டி இந்தத் தடவை மைக்கைத் தள்ளி வைத்தான். ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில், இன்னும் பதில் எழுதாத மெமோவுக்குப் பக்கத்தில் போட்டான். கிட்டாரோடு நடந்து போய் டேபிள் டென்னிஸ் மேஜைக்குப் பக்கத்தில், கீபோர்டில் காது படுகிற தூரத்தில் நின்றான்.

"அஞ்சாங் கம்பி குடு," என்றான்.

ஞானதுரை ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தான். அந்த ஒலி, ஆடாமல் அசையாமல், தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றது. விஜயபாண்டி முறுக்காணியைத் தளர்த்தினான். முத்துவீரனும் வந்து பக்கத்தில் நின்று தன்னுடையதைத் தளர்த்தினான். பியூலா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே அதைத் தொட்டுப் பார்த்தாள், தொண்டையிலிருந்து கையை எடுத்தாள். டிரம்ஸில் இறக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் பெலிக்ஸ் மோதிரங்களைக் கழற்றி வைத்தான். வெளியே எங்கோ ஒரு நாய் அண்ணாந்து ஊளையிட்டது. நாலு மணிச் சங்கைக் கேட்டு வளர்ந்த வயது எந்த நாய்க்கும் இப்போது கிடையாது.

ஒரு கம்பி சேர ஐந்து நொடி போதும். விஜயபாண்டி மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டான். அந்த மூன்று நிமிடமும் அவன் வலது கால் ஆடவே இல்லை என்று பின்வரிசையில் இருந்த வெங்கடேஸ்வரி பக்கத்துப் பெண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னும் செத்த நேரம் அமுக்கிக்கோ."

"அமுக்கித்தான இருக்கேன்," என்றான் ஞானதுரை.

பெலிக்ஸ் குச்சியைத் தட்டி நாலு வரை எண்ணினான். கால் பழையபடி ஆடத் தொடங்கியது.